கேளம்பாக்கம் பஸ் வரல

எல்லாரும் சௌக்கியமா? மார்கழிப் பனி ஆரம்பித்துவிட்டது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் வாசலுக்குப் போகாதீர்கள். இருமல் இருக்கிறவர்கள் வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், கதை கொஞ்சம் நீளம். தாம்பரத்துக் கதை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நடந்தே போன ஒரு மனிதரும், அவர் விட்டுப்போனதைத் திருப்பிப் பிடித்துக்கொண்ட ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியும்தான் இதில் வருகிறார்கள்.

தாம்பரம் மேற்கில், ஸ்டேஷன் படி இறங்கியதும் இடது பக்கம் ஒரு சந்து. அதில் மூன்றாவது கடை அம்மணியுடையது. அம்மணி என்பது அவள் பெயரேதான். புதிதாக வருகிறவர்கள் தாங்கள் மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள், அவளும் திருத்துவதில்லை. வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குக் கீழே. மாமனார் நெல் போட்ட நிலத்தில் இப்போது பிளாட் பிளாட்டாக வீடு நிற்கிறது. மூலையில் இவர்களுடையது ஒன்று. கணவர் மோகன்ராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மணி இருபது வருஷமாக ஒரே ஜெராக்ஸ் மிஷினோடு குடும்பம் நடத்துகிறாள் என்று அவரே சொல்லுவார்.

கடைக்கு எதிரே எப்போதும் மூடிக் கிடக்கும் ஒரு ஷட்டர். அதன் முன்னால்தான் சுப்பராயலு பதினாலு வருஷம் உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. சொந்த ஊர் ஒரு நாள் ஆரணி என்பார், ஒரு நாள் சித்தூர் என்பார். மடியில் புல்புல்தாரா. பார்க்க ஒரு சின்ன டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். இடது கையால் கட்டையை அழுத்தி வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். அவர் மீட்டியது யாரோ தூக்கிப் போட்ட ஏ.டி.எம். கார்டை நறுக்கிய துண்டால்.

தலையில் ஹெல்மெட். கறுப்பு நிறம், முழு முகமும் மூடுகிற ரகம், முன்னால் கண்ணாடி மட்டும் இல்லை. தாம்பரத்தில் கடைக்காரர்கள் போர்டு தொங்கவிடுகிற உயரத்துக்குக் கண் தெரிந்தவர்களே நெற்றி புடைத்துத் திரிகிறார்கள், அவர் யோசனையில் குற்றமில்லை. ஆனால் வெள்ளைக் கோலும் ஹெல்மெட்டுமாக ஒருவர் சந்தில் வந்தால் காலேஜ் பிள்ளைகள் சும்மா விடுமா?

"தாத்தா, வண்டி எங்க?"

"சர்வீஸ்க்கு வுட்டுக்கீறேன். நீ இன்னாத்துக்கு நடந்து வர? லைசென்ஸ் புடுங்கிட்டானா?"

சினிமாப் பாட்டுக் கேட்டால் வாசிக்க மாட்டார். "அதான் கைல போன் வெச்சினுகீறியே, அதுல கேளு. இது நம்ம சரக்கு" என்பார். எல்லாம் அவரே கட்டிய மெட்டுகள். அதற்கு வைத்த பெயர்களும் அவர் மாதிரியேதான். 'ஏறுற படி ஓடல' என்று ஒன்று, ஸ்டேஷன் எஸ்கலேட்டரைப் பற்றி. 'பள்ளிக்கரணைல கொக்கு' என்று ஒன்று. 'யார்ரா என் செருப்ப மிதிச்சது' என்று ஒன்று. அது ரொம்பச் சின்னது, மிதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். யாராவது போனை நீட்டிப் பதிவு செய்தால் எப்படியோ தெரிந்துவிடும். உடனே மெட்டை நிறுத்திவிட்டுக் கம்பியை முறுக்க ஆரம்பிப்பார். அவர் வாசித்ததற்கு இன்று மிச்சமிருக்கிற ஒரே வீடியோ ஒன்பது விநாடி. அதில் ஆறு விநாடி ரயில் ஹாரன்.

அவருடைய மெட்டுகளில் சந்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது 'கேளம்பாக்கம் பஸ் வரல'. கீழே ஆரம்பிக்கும். ஒவ்வொரு வரியும் மேலே ஏறும், குதிகாலைத் தூக்கி ரோட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும், மறுபடி கீழே போய் ஆரம்பிக்கும். கடைசி வரி இன்னும் மேலே, மேலே என்று போய் உச்சியில் நிற்கும்போது சுப்பராயலு கையை எடுத்துவிடுவார். அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருப்பவர் காய்கறிப் பையோடு அப்படியே நிற்பார்.

"இன்னா, அவ்ளோதானா?"

"பஸ் வந்தா சொல்றேன்."

அம்மணிக்குச் சங்கீதம் தெரியாது. பிடிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் தன் மிஷினில் எந்த இடத்தில் பேப்பர் சிக்கும் என்று தெரிவது போல அந்த மெட்டு எந்த இடத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

மெட்டுகளை அவர் எழுதியும் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் எழுத்தும் அவர் கண்டுபிடித்ததுதான். கல்யாணப் பத்திரிகை யாரிடம் இருந்தாலும் கேட்டு வாங்குவார். மடித்த பத்திரிகையை இரண்டாகக் கிழித்து, பழைய ரப்பர் செருப்பின் மேல் வைத்து, கோணி ஊசியால் குத்துவார். ச என்றால் ஒரு குத்து. ரி என்றால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. இப்படியே நி வரைக்கும் ஏழு. மேல் ஸ்தாயி என்றால் தலையில் ஒரு கீறல். நீட்ட வேண்டிய இடத்தில் ஒரு விரல் இடைவெளி. ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் மேடு தட்டும், அதைத் தடவிப் படிப்பார்.

ஒரு நாள் காலை, மிஷின் சூடாவதற்குள், அப்படி ஒரு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இத்த அப்டியே இன்னொண்ணு போட்டுக் குடும்மா."

அம்மணி வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் கல்யாண அச்சு. மறுபக்கம் வெள்ளை, அதில் புள்ளி புள்ளியாக மேடு. முதலில் வெள்ளைப் பக்கத்தைத்தான் கண்ணாடியில் கவிழ்த்தாள். மேடு அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது, காப்பி பனிமூட்டமாக வந்தது. இருபது வருஷத் தொழிலில் அவள் மங்கலான காப்பியை ஆளிடம் நீட்டியதில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டாள். அச்சுப் பக்கம் குழிதான், கண்ணாடியோடு ஒட்டிப் படுத்தது. ஒவ்வொரு குத்தும் கடுகு மாதிரி கறுப்பாக விழுந்தது. பெண், மாப்பிள்ளை பெயர்கூடத் தெளிவாக வந்திருந்தது. திருப்தியாக எடுத்துக் கொடுத்தாள்.

சுப்பராயலு பேப்பரைத் தடவினார். இரண்டாம் தடவையும் தடவினார்.

"இன்னாம்மா இது, இஸ்திரி போட்டுக் குடுத்துட்ட?"

"அய்ய, நல்லாப் பாரு..." என்று சொல்லிவிட்டு அம்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"கடுகு மாரி வந்துகீதுய்யா. கண்ணுக்குத்தான் தெரியும், கைக்குத் தட்டாது."

ஹெல்மெட் மிஷின் பக்கம் திரும்பியது. "அப்ப உன் மிஷினு கண்ணு கீறவனுக்குத்தான் வேல செய்யும். என்னாட்டம் ஆளுக்கு இந்தக் கடைல இன்னாதான் வெச்சிருக்க?"

"ஸ்டேப்ளர் கீது."

அவர் சிரித்ததில் ஹெல்மெட் கதவில் இடித்தது. ஒரு வாரம் கழித்து ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நாற்பத்தியோரு அட்டை.

"ரூம்ல எலி கட்ச்சிருது. எல்லாத்தியும் பேப்பர்ல எடுத்துக்க, அட்டையும் நீயே வெச்சிக்க. பின்னால எவனாச்சும் கேட்டு வந்தான்னா, கண்ணு கீறவனுக்குப் பேப்பரக் குடு. இல்லாதவனுக்கு அட்டையக் குடு."

அம்மணி நாற்பத்தியொன்றையும் எடுத்தாள். எல்லாமே அச்சுப் பக்கம் கீழே வைத்து, எல்லாமே கடுகு மாதிரி சுத்தமாக. காப்பிகளைக் கடை அலமாரியில் வைத்தாள். அட்டைகளைக் கட்டைப்பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடியில் சுப்பராயலு போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் காய்ச்சல். ஷட்டர் முன்னால் ஆள் இல்லையே என்று அம்மணி விசாரித்துக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரியில் முடிந்திருந்தது. மோகன்ராஜ் ஆட்டோவில் எட்டுப் பேர் சுடுகாட்டுக்குப் போனார்கள். புல்புல்தாராவை ரூம்காரர் எடுத்துக்கொண்டார். ஹெல்மெட்டை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மோகன்ராஜ் அதைக் கொண்டுவந்து கடை அலமாரியின் உச்சியில் வைத்தார்.

அடுத்த வருஷம் டிசம்பர் புயல் மழையில் பீர்க்கன்கரணை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் நின்றது. ஃபிரிட்ஜ் மிதந்தது, மெத்தை மிதந்தது. கட்டைப்பை மட்டும் மிதக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் அட்டைகள் ஊறி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே கட்டியாக இருந்தன. மொட்டை மாடியில் பிரித்துக் காயவைத்தாள். காய்ந்ததும் எல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது, ஒரு மேடுகூடத் தட்டவில்லை. குப்பை வண்டி வந்தபோது அம்மணியே கொண்டுபோய்ப் போட்டாள். மோகன்ராஜைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

பிறகு கேட்டார் ஒருவர்.

ஸ்ரீவத்சன் சேலையூரில் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை, தினமும் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரயில். சுப்பராயலுவை ஓடிக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். ரிட்டையர் ஆன பிறகு, நின்று கேட்காமல் போனது மனத்தை உறுத்தியதாம். மனைவி மிருதுளா வயலின் வாசிப்பாள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து மார்கழியில் ஒரு சின்ன ஹாலில் சுப்பராயலுவின் மெட்டுகளை மட்டும் வைத்து ஒரு கச்சேரி நடத்துவது, அதோடு ஸ்வரப்படுத்தி ஒரு புஸ்தகமும் போடுவது என்று முடிவு செய்து, விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

அம்மணி காப்பிகளை எடுத்துக் கொடுத்தாள். சுப்பராயலு சொல்லி வைத்திருந்தபடி, ஒரு குத்து ச, இரண்டு குத்து ரி என்று சொல்லியும் கொடுத்தாள்.

"ஒரிஜினல் அட்டை?" என்றார் ஸ்ரீவத்சன்.

"பத்ரமா கீது சார், வூட்ல."

எப்படி வந்ததோ, வாயில் வந்துவிட்டது.

"அப்போ ஃபங்ஷன் அன்னிக்கு ஹால்ல டிஸ்ப்ளே வெச்சுடலாம். கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல தீபான்னு ஒரு பொண்ணு, பார்வை கிடையாது. அவதான் முதல்ல தொட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை."

இரண்டு மாதம் கழித்து, கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒத்திகைக்கு வரச் சொல்லி ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மணி கடையை மூடிவிட்டு சேலையூருக்குப் போனாள். ஃபிளாட்டில் காபி கொடுத்தார்கள். மிருதுளா ஸ்டாண்டில் ஸ்வரம் எழுதிய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள். உயரத்தில் ஆரம்பித்தது. படி இறங்குகிற மாதிரி இறங்கியது. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கியது. கடைசியில் ரொம்ப நிதானமாக, கால் கழுவிக்கொண்டு திண்டில் சாய்கிற மாதிரி, கீழே வந்து அமர்ந்தது.

ஸ்ரீவத்சன் கண்ணை மூடியிருந்தார். "பாத்தேளா, கடைசில எவ்ளோ நிம்மதியா ஷட்ஜத்துல வந்து உக்காறது!"

அம்மணிக்கு எங்கேயோ பேப்பர் சிக்கியது.

"இது எந்தப் பாட்டு சார்?"

"கேளம்பாக்கம் பஸ் வரல."

"இதுல வந்துட்ச்சே சார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மணி சிரிக்கவில்லை. "அவரு வாசிச்சா மேல போய் நிக்கும் சார். எறங்கவே எறங்காது. நாங்கல்லாம் அவ்ளோதானான்னு கேப்போம்."

"பேப்பர்ல இருக்கற மாதிரிதானே வாசிக்கறா?" ஸ்ரீவத்சன் காப்பியை நீட்டினார். கல்யாண அச்சு இடமிருந்து வலமாக ஓடியது, அதன் மேலேயே கடுகும் ஓடியது. யார் பார்த்தாலும் இடமிருந்துதான் படிப்பார்கள். "உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும். பரவால்ல, அந்த அட்டையக் கொண்டு வாங்கோ, ஒத்துப் பாத்துடலாம். செவ்வாய்க்கிழமை புஸ்தகம் பிரஸ்ஸுக்குப் போறது, அதுக்குள்ள."

அம்மணி மீதிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

நேரே கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கினாள். ஸ்ரீவத்சனிடம் கொடுத்தது போக அவளிடம் இன்னொரு செட் இருந்தது. எதையும் ஒரு காப்பி கூடுதலாக எடுத்து வைப்பது அவள் பழக்கம். அந்தப் பேப்பரை முன்னால் வைத்துக்கொண்டு, அவர் எப்படித் தடவுவார் என்று யோசித்தாள். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும். இடது ஓரத்திலிருந்து விரல் போகும். அப்படியென்றால் அச்சு கீழே. அவள் எடுத்தது அச்சுப் பக்கத்தை. பேப்பரைத் திருப்பி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை பெயர் இடம் வலமாக மாறித் தெரிந்தது. கடுகு சரியாகத் தெரிந்தது: கீழே ஆரம்பித்து மேலே, மேலே, கீறல் போட்ட ஒரு குத்தோடு நின்றது.

மங்கலாக எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. சுத்தமாக எடுத்ததில் வந்த வினை.

மோகன்ராஜிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"இப்ப இன்னா கெட்டுப்போச்சு? நல்லாத்தான கீது? கேக்கறவன் கை தட்டுவான், வூட்டுக்குப் போவான். அவரா வந்து கேக்கப் போறாரு?"

"புஸ்தகம் போட்டுட்டா அப்புறம் அதான்யா அவரு பாட்டு. நாப்பத்தொண்ணும் தலகீழா."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா அட்டைய எட்த்துகினு வா, பாக்கலாம்னுவாரு."

"எலி தின்னுட்ச்சின்னு சொல்லேன்."

"எலிக்குப் பயந்துதான்யா நம்மகிட்ட குடுத்தாரு!"

மோகன்ராஜ் ரசம் ஊற்றிக்கொண்டார். 

அன்று ராத்திரி முழுக்க அம்மணி ஒரு கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டாள். சொன்னால் மெட்டு பிழைக்கும், தான் பொய்க்காரி ஆகவேண்டும். அந்தப் பக்கத்தில் இருபது வருஷமாக 'அம்மணி கடைல குடுத்தா பத்ரமா இருக்கும்' என்று ஒரு பேர். சர்டிஃபிகேட்டைக்கூட நம்பி விட்டுவிட்டுப் போவார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பேர் இருக்கும், பஸ்ஸும் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சேலையூர் ஃபிளாட்டில் மணி அடித்தாள். கையில் கோணி ஊசி. காலில் ரப்பர் செருப்பு. மிருதுளா கதவைத் திறந்ததும் ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயோ, செருப்பு! அதை வெளில வெச்சுட்டு வாங்கோ."

"இது இல்லாம சொல்ல முடியாது மேடம். ஒரு பேப்பர் குடுங்க, மேல வெச்சிக்கறேன்."

சாப்பாட்டு மேஜையில் நாளிதழ் விரித்து, அதன் மேல் செருப்பு ஏறியது. ஸ்ரீவத்சன் பூஜையிலிருந்து பாதியில் எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றார். கச்சேரிக்கு அச்சடித்த பத்திரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சு மேலே இருக்க, அம்மணி செருப்பின் மேல் வைத்தாள். வலது ஓரத்திலிருந்து குத்தினாள். முதலில் ஒன்று. அதற்கு இடப் பக்கம் இரண்டு. அதற்கும் இடப் பக்கம் மூன்று. அட்டையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"கண்ண மூடிகினு தடவுங்க சார். இடப் பக்கத்துலேர்ந்து."

"ச... ரி... க."

"இப்ப அச்சுப் பக்கம் திருப்பிக் கண்ணால பாருங்க."

ஸ்ரீவத்சன் திருப்பினார். "க, ரி, ச." இன்னொரு தடவை திருப்பினார். மேஜையில் கிடந்த காப்பிகளைப் பார்த்தார். "அப்போ நாம படிச்சதெல்லாம்..."

"குத்துன பக்கம் சார். எல்லாத்துலயும் மூலைல கறை தெரியுது பாருங்க. பத்திரிகைக்கு மஞ்ச வெச்ச மூல. அவரு அத்த மோந்து பாப்பாரு. மஞ்ச கீற பக்கந்தான் குத்துவாரு. நாந்தான் சுத்தமா வரணும்னு அந்தப் பக்கத்தப் போட்டு எட்த்துட்டேன்."

"இருக்கட்டும். ஆனா அட்டை உங்க வீட்ல இருக்கே, அதக் கொண்டு வந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்குமே?"

அம்மணி செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அட்டை இல்ல சார். புயல் மழைல ஊறிப் போச்சு. நான்தான் குப்பை வண்டில போட்டேன். அன்னிக்குக் கேட்டீங்க, பொய் வந்துட்ச்சி."

ஸ்ரீவத்சன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். "கண்ணாடிப் பெட்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார். அது அவர் சொல்ல நினைத்ததில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

மிருதுளாதான் எழுந்து காப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்தாள். அப்படியே அதைக் கண்ணாடியில் ஒட்டி டேப் போட்டாள். வயலினை எடுத்தாள். கீழே ஆரம்பித்து, ஏறி, எட்டிப் பார்த்து, நின்று, மறுபடி ஏறி... உச்சியில் வில்லை எடுத்தாள். அதற்கு மேல் பேப்பரில் ஒன்றும் இல்லை.

"அதான்" என்றாள் அம்மணி.

ஸ்ரீவத்சனுக்கு மனம் ஆறவில்லை. "முடிக்கவே இல்லையே. கேக்கறவா தவிச்சுப் போயிடுவா. கடைசில ஒரே ஒரு ஷட்ஜம் மட்டும் சேத்துக்கலாமா?"

"அப்ப நீங்களே பஸ்ஸ ஓட்டுங்க சார்."

மிருதுளா சிரித்துவிட்டாள். ஸ்ரீவத்சன் பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, புஸ்தகம் இந்த வாரம் வராது என்றார். நாற்பத்தியொன்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். மிருதுளா திருப்பி வாசித்துப் பார்த்ததில், சில மெட்டுகள் முன்னைவிட நன்றாக இருந்தன, சில சுமாராகிவிட்டன. 'பள்ளிக்கரணைல கொக்கு' எந்தப் பக்கம் வாசித்தாலும் ஒன்றேதான். அதை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று ஸ்ரீவத்சன் இரண்டு நாள் யோசித்தார்.

அம்மணி கிளம்பும்போது மீந்த பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது ஸ்ரீவத்சன் பின்னாலேயே வந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் நீங்க."

"ஆமா சார்" என்றாள்.

கச்சேரி அன்று சாயங்காலம் நாலரைக்கு ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சுண்டலுக்கு வந்தவர்கள், அதில் தப்பில்லை. சந்துக்காரர்கள் பத்துப் பேரை மோகன்ராஜ் இரண்டு டிரிப்பில் கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது, காலியாக. மோகன்ராஜ் அதைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்குப் போய், கடையிலிருந்து கூடவே கொண்டுவந்திருந்த ஹெல்மெட்டை எடுத்து வந்து உள்ளே வைத்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பக்கத்து மேஜையில், பெட்டிக்கு வெளியே, ஆறு அட்டைகள். அம்மணி டியூப்லைட்டில் காப்பியைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து அத்தனை நாளில் குத்த முடிந்தது ஆறுதான். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தாள். மீதி முப்பத்தைந்தும் தை மாதத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஸ்ரீவத்சனிடம் சொல்லியிருந்தாள்.  அவர் கோணி ஊசி புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஆரம்பிக்கும் முன் ஸ்ரீவத்சன் மைக்கில் எல்லாவற்றையும் சொன்னார். அட்டைகள் வெள்ளத்தில் போனது, காப்பி பின்பக்கம் எடுக்கப்பட்டது, எல்லாம். யார் எடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார். அம்மணி இருந்த இடத்திலேயே கையைத் தூக்கி, "நான்தான்" என்றாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சந்துக்காரர்கள் பார்க்கவில்லை, அவர்களுக்கு அவள் கிளம்பும் முன்பே சந்தில் சொல்லிவிட்டாள்.

தீபாவுக்கு முப்பது வயது இருக்கும், பச்சைச் சுடிதார். அவள் 'கேளம்பாக்கம் பஸ் வரல' அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அம்மணி பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை குத்து எந்த ஸ்வரம் என்று முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். மிருதுளா வாசிக்க வாசிக்க விரல் கூடவே போயிற்று. முதல் வரியில் கொஞ்சம் பின்தங்கியது. இரண்டாம் வரியில் எட்டிப் பிடித்தது. கடைசி வரியில் விரலும் வயலினும் ஒரே சமயத்தில் ஏறி, கீறல் போட்ட கடைசிக் குத்தில் நின்றன.

மிருதுளா வில்லை எடுத்தாள்.

யாரும் கை தட்டவில்லை. இன்னும் இருக்கிறது என்று நினைத்தார்கள். ஃபேன் சுற்றியது. பின்னால் ஒருவர் தட்டத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். தீபா அட்டையின் மீதியைத் தடவினாள், ஓரம் வரைக்கும் வழுவழுவென்றிருந்தது. திரும்பி வந்து கடைசிக் குத்தின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாள்.

"அவ்ளோதானா?"

"பஸ் வந்தா சொல்றேன்" என்றாள் அம்மணி.

சந்துக்காரர்கள் பத்துப் பேரும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மிருதுளா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கதை அவ்வளவுதான். உங்கள் ஸ்டேஷன் படியிலோ, மார்க்கெட் வாசலிலோ, பஸ் ஸ்டாண்டிலோ இப்படி ஒருத்தர் உட்கார்ந்து வாசித்திருப்பார். அவர் பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. என்ன வாத்தியம், என்ன சொல்லுவார், அவர் மெட்டு எந்த இடத்தில் நிற்கும், இதை மட்டும் நாலு வரி எழுதிப் போடுங்கள், எல்லாரும் படிக்கலாம். பேப்பரின் எந்தப் பக்கத்தில் எழுதினாலும் சரி.